அட்டெண்டர் யாருங்க?

கடைசிக் கட்டத்தில் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை இந்தியர்களுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பத்திரம் எளிதாகிவிட்டது. அதில் யார் பெயரைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

ராத்திரி இரண்டே கால் மணி. ஐசியு கதவு பாதி திறக்கிறது. நர்ஸ் தலையை மட்டும் வெளியே நீட்டுகிறார். "ஏழாம் நம்பர் பெட்... அட்டெண்டர் யாருங்க?"

பிளாஸ்டிக் நாற்காலிகளிலிருந்து மூன்று பேர் எழுகிறார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கு 78 வயது. இரண்டாவது தடவை ஸ்ட்ரோக், கிட்னியும் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. டியூட்டி டாக்டர் நின்றபடியே சொல்கிறார்: "மூச்சு ரொம்பத் திணறுது. டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வெக்கணும். போடலாமா, வேண்டாமா, பத்து நிமிஷத்துல சொல்லிடுங்க. இல்ல வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க."

மூத்த மகன் செல்போனைப் பார்க்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி வீடியோ காலில் இருக்கிறார். "எவ்ளோ செலவானாலும் பரவால்லண்ணா, எல்லாத்தையும் பண்ணச் சொல்லு. நான் டிக்கெட் போட்டுட்டேன்." சுவரோரம் நிற்கும் மகள்தான் நாலு வருஷமாக அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, டயாப்பர் மாற்றியவர். "அண்ணே, போன தடவை டிஸ்சார்ஜ் ஆகி வந்தப்பவே அப்பா எங்கிட்ட சொன்னாரு, இனிமே அந்தக் குழாயெல்லாம்..." அவர் முடிக்கவில்லை. "நீ கொஞ்சம் சும்மா இரும்மா. இப்பப் போய்..." மூத்தவர் கையெழுத்துப் போடுகிறார்.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. மதுரை, கோவை, நெல்லை என்று எந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலும் ஐசியு வாசலில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தால் இதைப் பார்க்கலாம். இங்கே யாரும் கெட்டவர் இல்லை. அண்ணனுக்குப் பழி வந்துவிடுமோ என்ற பயம், தம்பிக்குப் பக்கத்தில் இல்லாத குற்ற உணர்ச்சி, டாக்டருக்கு நாளைக்கு கேஸ் வந்துவிடுமோ என்ற கவலை. நோயாளியின் விருப்பம் மட்டும் அந்த வராந்தாவில் ஒலிக்கவே இல்லை. அது தெரிந்த ஒரே ஆளைப் பேசவிடவில்லை.

அருணாவுக்காக யார் பேசியது?

இந்தியாவில் இந்த விவாதத்தின் மிகப் பிரபலமான வழக்கிலும் மையமாக இருந்தது 'யார் பேசுவது' என்ற கேள்விதான். மும்பை கேஇஎம் மருத்துவமனையின் நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27-ம் தேதி அங்கேயே ஓர் ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அதன்பின் சுமார் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் படுக்கையில் கிடந்தார். அவர் சார்பில் பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார்: உணவு கொடுப்பதை நிறுத்தி, அவரை நிம்மதியாகப் போகவிடுங்கள்.

கேஇஎம் நர்ஸுகளும் டாக்டர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7-ம் தேதி தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர் காக்கும் சிகிச்சையை விலக்கலாம் என்று முதன்முறையாக வழி திறந்த நீதிமன்றம், அருணா விஷயத்தில் மனுவைத் தள்ளுபடி செய்தது. காரணம்தான் முக்கியம். அருணாவின் சார்பில் முடிவெடுக்கும் தகுதி, அத்தனை ஆண்டுகள் அவரைப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட கேஇஎம் ஊழியர்களுக்கே உண்டு என்றது. ரத்த சொந்தத்தையும் வெளியில் இருந்து அக்கறை காட்டியவரையும் தாண்டி, பராமரித்த கைகளுக்கு முதலிடம் கொடுத்த தீர்ப்பு அது. அருணா 2015 மே 18-ம் தேதி நிமோனியாவில் இறந்தார்.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். பராமரிப்பவர் மகளோ மருமகளோ மனைவியோ. கையெழுத்துப் போடுபவர் மூத்த மகன், அல்லது பில் கட்டுபவர்.

இனி, எழுதிவைக்கும் உரிமை வந்த கதை. 'காமன் காஸ்' அமைப்பு 2005-ல் தொடர்ந்த வழக்கில், 2018 மார்ச் 9-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டம் தரும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்றது. சிகிச்சை விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் 'லிவிங் வில்' பத்திரம் செல்லும் என்றது. ஆனால், விதித்த நிபந்தனைகள் மலைக்க வைத்தன. மாஜிஸ்திரேட் மேலொப்பம், கலெக்டர் அமைக்கும் மருத்துவக் குழு, மாஜிஸ்திரேட்டே வந்து நோயாளியைப் பார்ப்பது, 20 ஆண்டு அனுபவம் உள்ள நிபுணர்கள்... இத்தனையையும் முடிப்பதற்குள் நோயாளியே முந்திக்கொள்வார். டாக்டர்கள் அமைப்பு ஒன்று திருத்தம் கேட்டுப் போனதில், 2023 ஜனவரி 24-ம் தேதி நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு பெரும்பாலான முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டது.

■ பெட்டிச் செய்தி: இப்போது எப்படி எழுதுவது?

18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். நோய் வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து. பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசரிடம் சான்றொப்பம். கோர்ட் வாசலை மிதிக்க வேண்டாம்.

நினைவு தவறினால் நம் சார்பில் சம்மதமோ மறுப்போ சொல்லும் உறவினர் அல்லது காப்பாளர் பெயர் இருக்க வேண்டும். ஒருவருக்கு மேல் போடலாம்.

பிரதி: பெயர் குறிப்பிட்டவர்களுக்கு, குடும்ப டாக்டர் இருந்தால் அவருக்கு, உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலருக்கு. டிஜிட்டல் மருத்துவப் பதிவிலும் சேர்க்கலாம்.

எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம்.

நடைமுறைக்கு வருவது எப்போது? குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் நீண்ட சிகிச்சையில் இருந்து, தானே முடிவெடுக்கும் திறனும் போன பிறகு மட்டும். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள இரு நிபுணர்களும் அடங்கிய குழு முதலில் பார்க்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் டாக்டரோடு வேறு இரு நிபுணர்கள் கொண்ட இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள். முடிவை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்தால் போதும். அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஊசி போட்டு உயிரை முடிக்கச் சொல்லி எழுத முடியாது. அது இந்தியாவில் குற்றம்.

கட்டுவிரியன் கடித்தால் என்ன செய்வீர்கள்?

லிவிங் வில் என்றதும் பலர் ஆர்வமாக எழுதும் முதல் வரி: 'எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்.' இந்த ஒற்றை வரியைப் போல ஆபத்தானது வேறில்லை. ராத்திரி பாயில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்தோடு சில நாள் வென்டிலேட்டரில் வைத்தால், எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். பூச்சிமருந்து விஷத்திலும் கடும் நிமோனியாவிலும் இப்படி மீண்டவர்கள் ஏராளம். சட்டப்படி மீள முடியாத நோயில்தான் பத்திரம் செல்லும் என்றாலும், ராத்திரி கேஷுவாலிட்டியில் அந்த வரியைப் படிக்கிறவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆகவே, கருவியின் பெயரை விட நிலைமையை எழுதுவதே மேல். 'நான் என் பிள்ளைகளை மறுபடி அடையாளம் காணவே வாய்ப்பில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தால்...' 'என் புற்றுநோய்க்கு இனி மருந்து இல்லை என்ற கட்டத்தில்...' என்று தொடங்கலாம். சந்தேகமான நேரத்துக்கு ஒரு நடுவழியும் உண்டு: சில நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் மேலே கொண்டுபோக வேண்டாம். ஐசியு டாக்டர்களுக்கு இந்த வழி நன்றாகவே பழக்கம். குடும்பங்களுக்குத்தான் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே தெரியாது.

எதை வேண்டாம் என்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டும் எழுத வேண்டும். சினிமாவில் நெஞ்சில் நாலு குத்து விட்டதும் ஹீரோவின் அம்மா கண் திறப்பார். நிஜ சிபிஆரில் நெஞ்செலும்பை ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். எண்பது வயது உடம்பில் விலா எலும்பு முறிவது சாதாரணம். திடீர் மாரடைப்பில் விழுந்தவருக்கு அது உயிர் தரும் கை. புற்றுநோய் முற்றிக் கடைசி மூச்சு வாங்குபவருக்கு அதே அழுத்தம் வேறு விஷயம். வென்டிலேட்டர் குழாய் குரல்வளை வழியாகப் போவதால் பேச முடியாது. பிடுங்கிவிடாமல் இருக்க, பல இடங்களில் துணியால் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். நாள் நீண்டால் கழுத்தில் துளையிட்டு அங்கே குழாய் மாற்றுவார்கள்.

மூளைச்சாவு, கோமா என்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மூளைச்சாவு என்பது சட்டப்படி மரணம். உறுப்பு தானம் வருவது அங்கேதான். அருணா மூளைச்சாவு அடைந்தவர் அல்ல.

சோறு விஷயத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன. மறதி நோய் முற்றியவருக்கு விழுங்குவது நின்றுபோகும். மூக்கு வழியே குழாய் போடவில்லை என்றால், பட்டினி போட்டுக் கொல்றீங்களா என்று ஊரே கேட்கும். அந்த நோயின் கடைசிக் கட்டத்தில் உணவுக் குழாயால் ஆயுள் கூடுவதற்குச் சான்றில்லை. கையால் பொறுமையாக, முடிந்த மட்டும் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். இதைச் சொந்தக்காரர்களிடம் மருமகள் சொன்னால் எடுபடாது. மாமியார் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தால் எடுபடும்.

எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க

பத்திரமும் பேச்சும் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? பணம் தீரும்வரை எல்லாம் நடக்கும். தீர்ந்ததும் ஒரு நாள் காலையில் 'டாக்டர் ஆலோசனையை மீறி, என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்' என்ற படிவம் வரும். வென்டிலேட்டரில் இருப்பவரைக் கழற்றி ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். ஒருவர் மூச்சு கொடுக்கும் அம்பு பேகைக் கையால் அமுக்கியபடியே வருவார். வீட்டுக் கூடத்தில் கிடத்திய சில நிமிடங்களில் பை எடுக்கப்படும். உயிர் சொந்த வீட்டில் போனது என்று ஊர் ஆறுதல்பட்டுக்கொள்ளும்.

காகிதத்தில் பார்த்தால் குடும்பம் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. பல நேரம் உண்மையில் டாக்டரும் குடும்பமும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அதைத் தன் பேரில் எழுத பயம். இந்த நாடகத்தின் விலையை நோயாளி கொடுக்கிறார். வீடு திரும்பியவருக்கு மூச்சுத்திணறலைத் தணிக்க மார்ஃபின் கிடையாது, சளி உறிஞ்ச கருவி கிடையாது, பார்க்க வரும் நர்ஸ் கிடையாது. சில நிமிடங்களில் முடியாமல் மூன்று நாள் இழுத்தால், அந்த மூன்று நாளும் வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

லிவிங் வில் எழுதாதவருக்கும் முறையான வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அதே இரண்டு மருத்துவக் குழுக்கள், குடும்பத்தின் எழுத்துபூர்வ சம்மதம். ஆஸ்பத்திரியிலேயே, வலி மருந்தோடு, பக்கத்தில் ஆட்கள் இருக்க, சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம். சிபிஆர் மட்டும் வேண்டாம் என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் தனி வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. டாக்டரும் நோயாளியும், முடியாத நிலையில் குடும்பமும் பேசி, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

சிகிச்சையை நிறுத்தினால் அப்புறம் கவனிக்க ஆளில்லை என்ற எண்ணமும் தவறு. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சையும் ஓர் அங்கம். மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கப் போதைமருந்துச் சட்டத்தை 2014-லேயே திருத்திவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்காமல் இதெல்லாம் தானாக வராது, கேளுங்கள்.

தலைக்கூத்தல் நிழல்

'இந்தச் சட்டத்தை வைத்துக் கிழவன் கிழவியைத் தீர்த்துக்கட்டிவிடுவார்களே?' தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. தென் மாவட்டங்களில் முடியாத முதியவர்களுக்கு எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதைப் பற்றிய 'பாரம்' படத்துக்கு 2018-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

ஆனால், அந்தக் கிழவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதானே தலைக்கூத்தலின் கொடுமை? வாசல் கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது அது. இங்கே எழுதுவது நோயாளி. பார்ப்பது இரண்டு மருத்துவக் குழுக்கள். தகவல் போவது மாஜிஸ்திரேட்டுக்கு. ஆட்சேபம் இருந்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. தப்பு செய்ய நினைப்பவர் இவ்வளவு சாட்சிகளைத் தேடி வர மாட்டார். என் கவலை வேறு. சொத்து எழுதி வாங்கும் அதே நாளில், அதே வக்கீல் ஆபீசில், அப்பாவிடம் இதிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் வருவார்கள். நோட்டரிகள் பிள்ளைகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பெரியவரிடம் தனியாகப் பேசாவிட்டால் பாதுகாப்பு ஏட்டளவில்தான்.

சொத்தும் சிகிச்சையும் வேறு வேறு காகிதங்கள் என்பதும் பலருக்குப் புரிவதில்லை. 'அதான் பவர் கொடுத்திருக்கேனே' என்பார்கள். பவர் கொடுத்தவர் சித்தம் தவறினால் அந்தப் பவரே செத்துப்போகும். ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு சொல்வது அது. மிகத் தேவைப்படும் நேரத்தில் உதவாது. கோமாவில் இருக்கும் கணவரின் சொத்தை விற்று மருத்துவச் செலவையும் குடும்பத்தையும் பார்க்க ஒரு மனைவி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில்தான் டிவிஷன் பெஞ்ச் அவரைக் காப்பாளராக நியமித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவோடு ஹைகோர்ட் வராந்தாவும் சேர்ந்துகொண்டது.

■ பெட்டிச் செய்தி: சிங்கப்பூரில் எப்படி?

தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. இரு சாட்சிகளில் ஒருவர் டாக்டராக இருக்க வேண்டும். படிவம் சுகாதார அமைச்சகத்தின் பதிவாளரிடம் பதிவாகும். நினைவு தவறிய பிறகும் செல்லக்கூடிய 'நீடித்த பவர்' 2010 முதல் அங்கே உண்டு. ஆனால், பவர் வாங்கியவர் உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தச் சொல்ல முடியாது. அதற்கு நோயாளியே தனியாக எழுதியிருக்க வேண்டும்.

யார் மேஜையில் கொடுப்பது?

கையில் பத்திரத்தோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனால் எந்த மேஜை என்று தெரிய வேண்டும். பொறுப்பாளர்களை நியமிக்க வேண்டியவை மாநில அரசும் உள்ளாட்சியும். மும்பையில் மகப்பேறு மருத்துவர் நிகில் தாத்தார் தன் லிவிங் வில்லை எழுதிவிட்டு, வாங்கி வைக்க ஆளில்லை என்று பொதுநல வழக்குப் போட வேண்டியிருந்தது. கோவாவில் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் 2024 மே மாதம் தானே எழுதிப் பதிவு செய்து காட்டினார்.

கர்நாடகம் 2025 ஜனவரி 30-ம் தேதி தெளிவான சுற்றறிக்கை விட்டது. இரண்டாவது குழுவுக்கு யாரை நியமிப்பது என்ற கேள்விக்கு, மூளைச்சாவை உறுதிசெய்ய ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற டாக்டர்களையே மாவட்ட சுகாதார அதிகாரி நியமிக்கலாம் என்று சொல்லிவிட்டது. உறுப்பு தானத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் எடுத்த தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. தீர்ப்பு சொல்லும் 'தலைமை மருத்துவ அலுவலர்' என்ற பெயர்ப்பலகைதான் நம் மாவட்டங்களில் பழக்கமில்லை. இங்கே அரசு மருத்துவமனைகளைப் பார்ப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர். இதுபோன்ற சின்னச் சின்னக் குழப்பங்கள்தான் இரவு நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரியை, 'எதுக்கு வம்பு, கூட்டிட்டுப் போகச் சொல்லிடுங்க' என்று முடிவெடுக்க வைக்கின்றன.

பெயர் போடும் இடம்

பத்திரத்தின் மற்ற பத்திகளை இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதிவிடலாம். பெயர் போடும் கோடு மட்டும் யோசிக்க வைக்கும். பாசம் அதிகம் உள்ளவர் இதற்குச் சரிப்பட மாட்டார் என்பதுகூட நேரலாம். மனைவியால் தன் வாயால் 'போதும்' என்று சொல்ல முடியாது என்று தெரிந்தால், அந்தப் பாரத்தை அவர் தலையில் வைக்காமல் மச்சானையோ நெருங்கிய உறவில் இன்னொருவரையோ போடலாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் வரக்கூடியவரா? சித்தப்பா சத்தம் போட்டால் அசையாமல் நிற்பாரா? கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் மகள் என்றால் அவர் பெயரை முதலில் எழுதிவிட்டு, மகன்களையும் உட்கார வைத்து, 'நான் பேச முடியாதப்ப இவ பேசுவா' என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை லீவில் வரும் நாள் இதற்குத் தோதானது. கையில் டிக்கெட்டோடு ராத்திரி போனில் பேசும் பிள்ளை வேறு. கூடத்தில் உட்கார்ந்து அப்பா வாயாலேயே கேட்ட பிள்ளை வேறு.

மனநோய்க்கான சிகிச்சை பற்றி எழுத நினைப்பவர்கள் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி தனி அறிவுறுத்தல் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

எழுதி முடித்த பத்திரத்தைப் பட்டா, எல்ஐசி பத்திரங்களோடு பீரோவில் பூட்டினால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். பெயர் போட்டவர்கள் ஒவ்வொருவர் போனிலும் படம் இருக்கட்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் ஃபைலில் ஒரு பிரதி. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் அன்றே கேஸ் ஷீட்டில் ஒன்று. உள்ளாட்சிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளலாம். பெயர் போட்டவர் துபாய்க்குப் போய்விட்டாலோ பேச்சுவார்த்தை அற்றுப்போனாலோ, பழையதை எழுத்தில் ரத்து செய்து, அந்த ரத்தையும் பிரதி வைத்திருக்கும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, மறுபடி இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் போக வேண்டியதுதான்.